காவற்பூட்டும் கண்டி முகவரியும்

கண்டி நகரில் கணினி விளையாட்டு பரவிய வரலாற்றைக் கள்ளப் பிரதியின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது. கொழும்பில் பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசாவைச் சுற்றிக் கணினி வணிகம் குவிந்திருந்த காலத்தில், மலைநாட்டுக் கடைத்தெருக்களுக்கு வந்து சேர்ந்த விளையாட்டு இறுவட்டுகளில் பெரும்பாலானவை உரிமம் பெறாத நகல்கள். மெல்லிய உறைக்குள் வண்ண ஒளிநகல் செருகப்பட்டு, பாட்டு வட்டுகளோடும் பட வட்டுகளோடும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருந்த அவற்றை வாங்கிய பள்ளி மாணவனுக்கு, அசல் என்று ஒன்று எங்கே விற்கிறது என்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிஎஸ்ஏ என்னும் மென்பொருள் நிறுவனக் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி, இலங்கைக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருளில் உரிமமற்றவை 2007இல் 90 சதவீதமாகவும், 2011இல் 84 சதவீதமாகவும், 2017இல் 77 சதவீதமாகவும் இருந்தன. விண்டோஸ் முதல் அலுவலகச் செயலிகள் வரை எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது என்பதையும், கணக்கெடுத்தவர்கள் விற்பனையில் அக்கறை உடையவர்கள் என்பதையும் மனத்தில் கொண்டாலும், பத்தாண்டு முயற்சிக்குப் பின்னும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் உரிமமற்றதாகவே நின்றது என்பது கவனிக்கத்தக்கது.

சட்டம் இல்லாததால் வந்த நிலை அன்று இது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டக்கோவையின் இடத்துக்கு வந்த 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலைப் பாதுகாக்கப்படும் படைப்புகளின் வரிசையில் வெளிப்படையாகவே சேர்த்ததோடு, மீறலுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டத்தையும் ஆறு மாதம் வரை சிறையையும் விதித்தது. ஏட்டில் கடுமையான இச்சட்டத்தைக் காட்டிலும் கண்டியின் விளையாட்டுப் பழக்கத்தை மாற்றியது, விளையாட்டை உருவாக்கியவர்கள் தம் பொருளுக்குள்ளேயே வைத்த பூட்டுதான். அந்தப் பூட்டு முதலில் வட்டில் இருந்தது. பிறகு இயந்திரத்தின் சிப்புக்குள் புகுந்தது. இப்போது வாங்குபவரின் கணக்குக்கும் அவர் வசிக்கும் நாட்டுக்கும் இடம் மாறியிருக்கிறது. இந்த இடமாற்றத்தை விளங்கிக்கொள்ளாமல், கணினியா கன்சோலா என்ற கேள்விக்குக் கண்டியிலிருந்து விடை சொல்ல இயலாது. கன்சோல் என்பது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்பட்டு, ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பெட்டி. கணினியோ எவரும் எந்த நிரலையும் இயக்கக்கூடிய பொது இயந்திரம்.

நான்கு எழுத்துகள்

இறுவட்டு என்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுருள் சுருளாகச் செல்லும் ஒரே நீண்ட தடம். சோனி நிறுவனம் 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளில், அந்தத் தடத்தின் தொடக்கப் பகுதி சீராகச் செல்லாமல், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருபுறமும் நெளிந்து செல்லும்படி ஆலையிலேயே வார்க்கப்பட்டிருந்தது. அந்த நெளிவு நான்கு எழுத்துகளைக் குறித்தது. இயந்திரம் அவற்றைப் படித்த பிறகே விளையாட்டைத் தொடங்கும். வீட்டுக் கணினியின் வட்டெழுதி தரவை எழுதுமே தவிரத் தடத்தின் வடிவத்தை மாற்றாது, ஏனெனில் வெற்று வட்டின் தடம் அதற்கு முன்பே வார்க்கப்பட்டுவிட்டது. எனவே நகலில் விளையாட்டு முழுவதும் இருக்கும், நெளிவு மட்டும் இருக்காது. அந்த ஒரு குறையைக் கண்டு இயந்திரம் அதை மறுத்துவிடும்.

இந்த நான்கு எழுத்துகள் எங்கும் ஒன்றாக இல்லாமல், ஜப்பானிய வட்டில் ஒரு விதமாகவும், அமெரிக்க வட்டில் வேறு விதமாகவும், ஐரோப்பிய வட்டில் மற்றொரு விதமாகவும் இருந்தன என்பதில்தான் கண்டி வாசகருக்கான செய்தி அடங்கியிருக்கிறது. நகலைத் தடுக்கும் பூட்டும் நாட்டைப் பிரிக்கும் வேலியும் ஒரே பொறியாக அமைந்ததால், ஜப்பானில் வேலை செய்த உறவினர் காசு கொடுத்து வாங்கிவந்த அசல் வட்டுகூட, இலங்கையின் தொலைக்காட்சி முறைக்குப் பொருந்திய ஐரோப்பிய வகை இயந்திரத்தில் ஓடாது. சில கம்பிகளால் பற்றவைக்கப்பட்டு, தேவையான எழுத்துகளை மின்குறிகளாக இயந்திரத்துக்கு ஊட்டிய மோட் சிப் என்ற சிறு துண்டு இரண்டு தடைகளையும் ஒருங்கே நீக்கியது. சிப் போட்ட பிளேஸ்டேஷனைக் கேட்டு வாங்கியவர் எல்லோரையும் திருட்டுக்குத் துணைபோனவர் என்று கணக்கெழுதுவது, இந்தப் பொறியின் அமைப்பையே பார்க்கத் தவறுவதாகும்.

2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 வட்டின் வடிவத்தை நம்பாமல் கணிதத்தை நம்பியது. அதில் ஓடும் ஒவ்வொரு நிரலும் சோனியின் இலக்கமுறைக் கையொப்பத்தைத் தாங்கியிருக்க வேண்டும்; நிறுவனம் மட்டுமே அறிந்த ஓர் இரகசிய எண்ணைக் கொண்டு இடப்படும் அந்தக் கையொப்பத்தை எவரும் சரிபார்க்கலாம், ஆனால் வேறெவரும் இட முடியாது. நான்கு ஆண்டுகள் நின்ற இந்த அரண், 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்னும் மாநாட்டில், ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு மேடையில் காட்டிய ஒரு பிழையால் சரிந்தது. பயன்பட்ட கையொப்ப முறை, ஒவ்வொரு முறை கையொப்பமிடும்போதும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணைத் தெரிவுசெய்யும்படி கோருகிறது; சோனியின் நிரல் எல்லாக் கையொப்பங்களுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருந்தது. ஒரு கையொப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அது இரகசிய எண், தற்செயல் எண் என்ற இரண்டு தெரியாக் கணியங்கள் கொண்ட ஒரே சமன்பாடு, ஆகவே அதற்குத் தனித்த ஒரே தீர்வு இல்லை. தற்செயல் எண் மாறாத இரண்டு கையொப்பங்கள் கிடைத்துவிட்டால், இரண்டு தெரியாக் கணியங்களுக்கு இரண்டு சமன்பாடுகள் அமைந்துவிடுகின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரண்டும் வெளிப்பட்டுவிடும். சாதாரண தரத்தில் மாணவர் போடும் ஒருங்கமை சமன்பாட்டுக் கணக்கின் தருக்கம்தான் இது. மிக உயர்ந்த கணிதத்தின் மேல் கட்டப்பட்ட அரணைக் கீழ் வகுப்புக் கணிதம் திறந்தது என்பது பாதுகாப்பியல் மாணவர்களுக்கு இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த தலைமுறை இந்தத் தவறைத் திரும்பச் செய்யவில்லை. 2013இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை வடிவமைத்தவர்கள், இயந்திரத்தின் சொந்தக்காரரே அதைத் தாக்குவார் என்று எடுத்துக்கொண்டு, செயலியின் சிப்புக்கு வெளியே செல்லும் எந்தத் தரவும் மறைகுறியாக்கப்படாமல் போகக் கூடாது என்ற விதியை வகுத்தனர். கூடவே, சிறு கட்டணத்துக்கு எவரும் தம் சொந்த நிரலை அதில் ஓட்டிப் பார்க்கும் வழியையும் திறந்துவிட்டனர். ஆர்வத்தால் பூட்டை உடைப்பவர்களின் உழைப்பைத்தான் கள்ளப் பிரதி விற்பவர்கள் அறுவடை செய்கிறார்கள் என்பதை உணர்ந்த அந்த இரண்டாவது முடிவு, முதல் முடிவைவிடக் கூர்மையானது. அந்த இயந்திரத்தில் பத்தாண்டு வரை கள்ளப் பிரதி ஓடவில்லை. பிளேஸ்டேஷன் 4இலும் பழைய இயங்குதளத்தோடு நிறுத்திவைக்கப்பட்ட இயந்திரங்களைத் தவிர மற்றவற்றில் அது எளிதாக இருக்கவில்லை. இதன் விளைவாகக் கண்டியில் கன்சோல் வைத்திருந்தோர், வேறு வழியின்றி, அசல் வட்டு வாங்குவோராக மாறினர். அதோடு ஒருவர் முடித்த விளையாட்டை இன்னொருவர் பாதி விலைக்கு வாங்கும் பழைய வட்டுச் சந்தையும் வளர்ந்தது.

பன்னிரண்டு வாரங்கள்

கணினியில் இத்தகைய சிப்பு அரண் அமைய வழியில்லை. உரிமையாளர் தம் இயந்திரத்தின் நினைவகத்தை எந்நேரமும் திறந்து படிக்கலாம். வட்டுக் காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் முதலிய முறைகள், வட்டில் வேண்டுமென்றே பழுதான பகுதிகளையும் விண்டோஸின் உட்பகுதியில் இயங்கும் இயக்கி நிரலையும் வைத்து இக்குறையை மறைக்க முயன்றன. அந்த இயக்கி ஆபத்தானது என்று 2015இல் விண்டோஸ் 10 அதை ஏற்க மறுத்தபோது, முறையாக வாங்கிய பழைய வட்டுகள் ஓடாமல் போயின. பூட்டு நீக்கப்பட்ட நகல்கள் தடையின்றி ஓடின.

இன்று பரவலாகப் பேசப்படும் டெனுவோ, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் தோன்றி, 2014 செப்டம்பரில் ஃபிஃபா 15 விளையாட்டோடு அறிமுகமாகி, 2018 ஜனவரியில் இர்டெட்டோ நிறுவனத்தின் கைக்குப் போனது. இதன் வேலை நகலைத் தடுப்பதல்ல, நிரலில் கைவைப்பதைத் தடுப்பது. விளையாட்டின் சில முக்கிய செயற்கூறுகளை, செயலிக்கு நேரடியாகப் புரியாத ஒரு கற்பனை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றி, அந்தக் கற்பனை இயந்திரத்தையும் விளையாட்டுக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள்; அது இயங்குவதற்குத் தேவையான சில மதிப்புகள், வாங்கியவரின் கணினி வன்பொருளை அடையாளம் கண்டு சேவையகம் அனுப்பும் அனுமதிச் சீட்டில் இருக்கும். உடைக்க முயல்பவர் ஒரு வாசலை அல்ல, நிரல் முழுவதும் சிதறிக்கிடக்கும் பல முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். முடியாத காரியமன்று: 2017 ஜனவரியில் வெளிவந்த ரெசிடென்ட் ஈவில் 7 ஐந்தே நாளில் உடைந்தது. ஆனால் வேறு சில விளையாட்டுகளுக்கு மாதங்கள் ஆயின, சில உடையாமலே இருந்தன.

இந்தக் கால தாமதத்தின் மதிப்பு என்ன என்பதை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வோல்க்மன் அளந்திருக்கிறார். 2014 முதல் 2022 வரை ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் வெளிவந்த, டெனுவோ பூட்டிய 86 விளையாட்டுகளை ஆராய்ந்த அவர், வெளியான உடனேயே பூட்டு உடைந்தால் சராசரியாக வருவாயில் 20 சதவீதம் இழப்பு நேர்கிறது என்றும், பன்னிரண்டு வாரங்கள் தாக்குப்பிடித்துவிட்டால் அதற்குப் பின் உடைவதால் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை என்றும் கண்டார். ஆகவே பூட்டின் பயன் முதல் மூன்று மாதங்களோடு தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் அதை வைத்திருப்பதன் சுமை முழுவதும் காசு கொடுத்தவரின் தலையில்தான் விழுகிறது. கண்டியில் அந்தச் சுமைக்கு ஒரு தனி முகம் உண்டு. இங்கே விளையாட்டுக் கணினி என்பது பெரும்பாலும் ஒரே நாளில் வாங்கப்படுவதல்ல. உயர்தரப் படிப்புக்கோ பேராதனைப் பல்கலைக்கழகப் பாடங்களுக்கோ என்று வீட்டில் சொல்லி வாங்கிய பெட்டி, பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் பிறகு கொஞ்சம் நினைவகமும் சேர்ந்து, பகுதி பகுதியாக மாறிக்கொண்டே இருப்பது. வன்பொருள் மாறும்போதெல்லாம் புதிய அனுமதிச் சீட்டுக் கேட்கும் பூட்டுக்கு, பழுது பார்த்துப் பழகிய இந்தப் பொருளாதாரம் சந்தேகத்துக்குரியதாகவே தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டில், இணைய இணைப்பு எப்போதும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அமைக்கப்பட்ட எந்தச் சோதனையும் அதே போன்ற சுமையே.

வோல்க்மனின் 20 சதவீதம் யாருடைய பணம் என்பதையும் கேட்க வேண்டும். 2020க்குப் பின் பெரிய விளையாட்டுகளின் விலை 60 டொலரிலிருந்து 70 டொலருக்கு ஏறியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், சில வாரங்களில் 360ஐத் தாண்டி, பின் 300 அளவில் வந்து நின்றது. 70 டொலர் என்றால் ஏறத்தாழ 21,000 ரூபாய். 2025 ஏப்ரலில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக இருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கும் இளைஞர் பூட்டு உடையாவிட்டால் வாங்கியிருப்பார் என்று கணக்கிட ஒரு நியாயமும் இல்லை. உடையாவிட்டால் அவர் விளையாடாமல் இருந்திருப்பார், அவ்வளவே. கணினியில் கள்ளப் பிரதியைக் குறைத்தது எது என்று தேடினால் விலைப்பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலங்கை உள்ளிட்ட சில தெற்காசிய நாடுகளுக்கு ஸ்டீம் தனியான டொலர் விலைப்பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் எவ்வளவு குறைப்பது என்பதை வெளியீட்டாளரே முடிவு செய்கிறார், சிலர் குறைப்பதே இல்லை. குறைத்தவர்களின் விளையாட்டு, பருவகாலத் தள்ளுபடியில் இங்குள்ள வங்கியின் டெபிட் அட்டைக்கும் எட்டுகிற விலைக்கு வரும்போது, வைரஸ் பயமும் நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் மலிவான தரவு ஒதுக்கீட்டைக் காத்திருந்து நகல் இறக்கும் தொல்லையும் எதற்கு என்று பலர் எண்ணத் தொடங்குகிறார்கள்.

பட்டியலில் இல்லாத நாடு

கன்சோல் பக்கம் இந்தக் கதை தலைகீழாகிறது. சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க், கணக்குத் திறக்க அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. கண்டியில் ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து இயந்திரம் வாங்கிய ஒருவர், தம்மை அமெரிக்காவிலோ ஐக்கிய அரபு அமீரகத்திலோ சிங்கப்பூரிலோ வசிப்பவராகப் பதிவுசெய்து, அந்த நாட்டின் பரிசு அட்டைக் குறியீட்டை இடைத்தரகரிடம் கூடுதல் விலைக்கு வாங்கித்தான் கடைக்குள் நுழைய வேண்டும். சேவை விதிகளை மீறாமல் காசு கொடுக்க வழியே இல்லாத நிலை இது. நேர்மையாக வாங்க வருபவரும் முதற்படியிலேயே பொய் முகவரி எழுதுகிறார். நான்கு எழுத்துகளின் காலத்து வேலி, வட்டிலிருந்து பதிவுப் படிவத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்; மோட் சிப்பைப் போல இதற்கும் ஒரு சுற்றுவழி உண்டு என்றாலும், கணக்கு முடக்கப்பட்டால் வாங்கிய அத்தனையும் போய்விடும் என்ற அச்சம் அதில் புதிது.

இந்த வேலி கணினிக்குள்ளும் வரும் என்பதை 2024 மே மாதம் காட்டியது. சுவீடனின் ஏரோஹெட் நிறுவனம் உருவாக்கி, சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2, அவ்வாண்டு பெப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5இலும் கணினியிலும் ஒரே நாளில் வந்து பெரும் வெற்றி பெற்றிருந்தது. மே 3ஆம் திகதி, கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று சோனி அறிவித்ததும், அச்சேவை இல்லாத 177 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் விளையாட்டு ஸ்டீமின் விற்பனையிலிருந்து நீங்கியது; எதிர்ப்பு வலுத்துச் சில நாட்களில் கட்டாயம் கைவிடப்பட்டபோதும், அந்நாடுகளில் விற்பனைத் தடை உடனே நீங்கவில்லை. அதே மாதம் கணினிக்கு வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவும், தனியாள் கதைப் பகுதிக்கு அக்கணக்கு தேவையே இல்லாதபோதும், அதே நாடுகளில் விற்கப்படவில்லை. கள்ளப் பிரதியைத் தடுக்கும் நோக்கத்தோடு இது செய்யப்படவில்லை. ஆயினும் வாங்க விரும்பியவருக்குக் கடையை மூடி, நகலை மட்டும் திறந்துவைத்த செயல் இதைவிட வெளிப்படையாக வேறு இருக்க முடியாது.

கணினியும் கன்சோலும் இனி எதிரெதிர்த் துருவங்களாக நீடிக்கப் போவதில்லை. 2013 முதல் இரண்டு பெரிய கன்சோல்களும் கணினிச் செயலியின் கட்டமைப்பிலேயே செய்யப்படுகின்றன; மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுகளைக் கணினிக்கும் உடனுக்குடன் தருகிறது; சோனி 2020இல் ஹொரைசன் ஜீரோ டானோடு தன் பெரிய வெளியீடுகளைக் கணினிக்குக் கொண்டுவரத் தொடங்கியது. எதிர்த்திசையில், கணினி கன்சோலின் குணங்களைப் பெற்றுவருகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சிப்பும், கையொப்பமிட்ட நிரலை மட்டுமே தொடக்கத்தில் ஏற்கும் செக்யூர் பூட் என்ற ஏற்பாடும், 2025இன் பேட்டில்ஃபீல்ட் 6 போன்ற போட்டி விளையாட்டுகளுக்கு இன்றியமையாதவை ஆகிவிட்டன. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கவே இவை என்பது உண்மை. ஆனால் பத்து ஆண்டு பழைய மதர்போட்டில் புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய கண்டிக் கணினி, வேகம் போதுமானதாக இருந்தும் வாசலில் நிறுத்தப்படும்.

பூட்டே வேண்டாத விளையாட்டுகளும் பெருகியுள்ளன. வலோரன்ட், டோட்டா 2 போன்றவை இலவசமாகத் தரப்பட்டு, ஆட்டம் முழுவதும் நிறுவனத்தின் சேவையகத்தில் நடப்பதால், அவற்றில் நகலெடுக்கத் தக்கது எதுவும் வீட்டுக்கு வருவதில்லை. அங்கே முதன்மைத் தடையாக நிற்பது தூரம்: கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர், கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது, எனவே குறி போய்த் திரும்பக் குறைந்தது 27 மில்லிவிநாடி, கடலடி வடத்தின் வளைவுகளும் கண்டி வரையிலான உள்நாட்டு இணைப்பும் அதற்கு மேல்.

தனியாள் கதை விளையாட்டுகளில்தான் பழைய கேள்வி உயிரோடு இருக்கிறது. 2013 செப்டம்பரில் கன்சோல்களுக்கு வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, கணினிக்கு வர 2015 ஏப்ரல் ஆயிற்று. அதன் அடுத்த பாகமும் பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும் மட்டுமே முதலில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய விளையாட்டை உடனே ஆட விரும்பும் கண்டிக்காரருக்கு, பொய் முகவரி எழுதாமல் வாங்கும் ஒரே வழியாக இதுவரை இருந்தது வட்டுதான்: கடையில் காசு கொடுத்து வாங்கலாம், நாட்டு வேலி அதற்கு இல்லை, முடித்த பின் கம்பளைக்கோ மாத்தளைக்கோ விற்றுப் பாதிப் பணத்தை மீட்கலாம். அந்த வழி இப்போது குறுகிவருகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் வட்டுச் செருகியே இல்லாமல் வந்தது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவுக்கு அதைத் தனியே வாங்கி, இணையம் வழியாக இயந்திரத்தோடு இணைக்க வேண்டும். 2025 ஜூனில் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2க்கு விற்கப்படும் அட்டைகளில் சில, விளையாட்டைத் தாங்காமல் அதை இறக்குவதற்கான சாவியை மட்டும் தாங்குகின்றன. சாவி அட்டையைக் கைமாற்றி விற்கலாம், ஆனால் பல பத்து கிகாபைட் தரவை வாங்குபவர் ஒவ்வொருவரும் தம் செலவில் மறுபடியும் இறக்க வேண்டும். இறக்கித் தரும் சேவையகம் மூடப்பட்டால் அட்டை பயனற்றது. பழைய வட்டை வாங்கி விற்பதையே நம்பிக் கன்சோல் விற்கும் கண்டிக் கடைகளுக்கு, அடுத்த தலைமுறை இயந்திரத்தில் வட்டுச் செருகி இருக்குமா என்பது அதன் வேகத்தையும் படத் தெளிவையும் விடப் பெரிய கேள்வி.